நாலாசோபாராவில் இறங்க முடியாத கிறிஸ்துமஸ்

டிசம்பர் 22, 2024, ஞாயிறு: தாதர், விரார், மறுபடியும் நாலாசோபாரா

இந்த வருடம் நான் நாசரேத்தில் இருந்திருக்க வேண்டும். வேதாகமத்து நாசரேத் இல்லை, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத், மனைவியின் ஊர். எடுத்த நான்கு டிக்கெட்டில் இரண்டு உறுதியாயின. மற்ற இரண்டும் காத்திருப்புப் பட்டியலில் 41, 42 என்று கடைசி நாள்வரை அசையாமல் நின்று அப்படியே உயிரை விட்டன. மனைவியும் மகனும் போய்விட்டார்கள். மும்பை தாராவியில் நானும் அம்மாவும் மிஞ்சினோம்.

வீட்டில் பண்டிகைக் களையும் இல்லை. கடைசி மூன்று வருடம் எங்களோடு இருந்த சித்தி ஜூன் மாதம் இறந்துபோனார். துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். முந்திரிக்கொத்து இல்லை, அதிரசம் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா பாவப்பட்டு ஒரு டின் அச்சு முறுக்கு கொடுத்துவிட்டுப் போனார்.

சித்தியின் மகள் போன் செய்தாள். நர்ஸ் வேலைக்காக மும்பைக்கு வடக்கே வசாய் பக்கம் போனவள், பதினான்கு வருடங்களுக்கு முன் அங்கேயே ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் கல்யாணமும் செய்துகொண்டாள். "அண்ணே, பெரியம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இரண்டு பேரும் அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?" நியாயமான கேள்விதான்.

காலை ஆராதனை முடிந்து புறப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்பு வேலைக்காக ரயில்களைக் குறைத்துவிடுவார்கள் என்பதை முப்பது வருட மும்பைக்காரனான நான் மறந்திருந்தேன். தாதரில் விரார் வண்டி வந்தபோது ஏறுவது பெரிய காரியமாக இல்லை. கூட்டமே தூக்கி உள்ளே வைத்துவிட்டது. இறங்குவதுதான் வித்தை. நாலாசோபாராவில் நானும் டின்னும் வாசலுக்கு நான்கு முதுகு தூரத்தில் நின்றோம். அம்மா எனக்குப் பின்னால். வண்டி நின்றது, கூட்டம் இறங்கியது, அதைவிடப் பெரிய கூட்டம் ஏறியது, வண்டி கிளம்பியது. "வசாய் ரோடு தாண்டும்போதே வாசலுக்கு வந்திருக்க வேண்டும்" என்று ஒரு பையன் வாத்தியாரைப் போலச் சொன்னான். அடுத்தது விரார், கடைசி நிலையம். அங்கே இறங்க முடியாமல் போக வழியில்லை.

விராரில் ஒருவர் கேட்காமலே அம்மாவின் பையை வாங்கிப் படியேறினார், எதிர்ப்பக்க நடைமேடையில் வைத்துவிட்டு, "மதராஸியா? சயான் பக்கமா, தாராவியா?" என்று மட்டும் கேட்டார். தாராவி என்றேன். ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவர் போலத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். டின்னைத் திறந்து பார்த்தேன். அச்சு முறுக்கு ரவையாகியிருந்தது.

நாலாசோபாராவில் ஆட்டோக்காரர் தங்கை இருக்கும் காஸ் கிராமத்துக்கு 250 ரூபாய் கேட்டார். தாதர் பூச்சந்தையில் சரக்கை விற்றுவிட்டுக் காலிக் கூடைகளோடு திரும்பிய ஒரு பெண்மணி, சிவப்புச் சேலையைக் கச்சம் வைத்துக் கட்டியவர், நடுவில் புகுந்து அவரை ஒரு பிடி பிடித்தார். ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் பொருள் புரிந்தது. ஷேர் ஆட்டோ கணக்கில் ஆளுக்கு 30 ரூபாய். என் மடியில் இரண்டு கூடைகள். அம்மா மடியில் முறுக்கு டின்.

வீட்டை அடைந்தபோது இருட்டிவிட்டது. முன்னால் நீண்ட திண்ணை, ஓட்டா என்கிறார்கள். கூரை விளிம்பில் ஐந்து காகித நட்சத்திரங்கள். பிள்ளைகள் "பெரியாச்சி!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்; அவர்களுக்குத் தெரிந்த தமிழில் பாதி அந்த ஒரு சொல்தான். உள்ளே எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கி இருபத்தெட்டில் விட்டுவிட்டேன். ஆறு அண்ணன் தம்பிகள், அவர்களுடைய மனைவி மக்கள். வருடம் முழுக்க ஆறு அடுப்பு. நாத்தாலுக்கு மட்டும் ஒரே அடுப்பு. கிறிஸ்துமஸுக்கு இங்கே நாத்தால் என்றுதான் பெயர். போர்த்துகீசியர் விட்டுப்போன சொல்.


டிசம்பர் 23, திங்கள்: சீப்பு

காலை ஐந்தரைக்குக் குளிர் எழுப்பியது. தாராவியில் டிசம்பரிலும் மின்விசிறி ஓடும். இங்கே வாழைத் தோட்டத்தின் மேல் பனி துணி உலர்த்தியது போலக் கிடந்தது. அம்மா என் சால்வையையும் எடுத்துப் போர்த்திக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்.

இந்த வீட்டில் விருந்தாளி என்ற பதவி ஒரு இரவுக்குத்தான் செல்லும் போல. ஏழு மணிக்கு என் முன்னால் பதினைந்து தேங்காயும் ஒரு துருவலகையும் வந்தன. மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், பள்ளிக்கூட வாத்தியார்; ஒரு பழைய நோட்டைக் காட்டினார். யாருக்கு எந்த வேலை என்று அவருடைய அப்பா காலத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். மூத்தவர் பன்றிக்கறி. இரண்டாமவர் விறகும் பெரிய பாத்திரங்களும். மூன்றாமவர் மாட்டுக்கொட்டில், அதாவது குடில். இந்த வருடப் பக்கத்தின் கடைசியில் புதிய மையில் ஒரு வரி: "தமிழ் அண்ணன் – தேங்காய்." எனக்குக் கோபம் வரவில்லை. நோட்டில் பேர் ஏறியதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பதினோராவது தேங்காயில் அது போய்விட்டது.

அம்மாவின் முதல் அதிர்ச்சி சமையலறை அலமாரி. வரிசையாகப் பியர் பாட்டில்கள். அம்மா என்னைப் பார்த்தார். எங்கள் தாத்தா பனையேறியவர். பதநீர் இறக்குவார், கள்ளைத் தொடுவதில்லை என்று சபையில் சத்தியம் செய்தவர். அந்த வம்சத்துப் பார்வை அது. தங்கை சிரித்துக்கொண்டே ஒரு பாட்டிலின் மூடியைத் திறந்து அம்மாவின் உள்ளங்கையில் தட்டினாள். சிவந்த பொடி விழுந்தது. பாட்டில் மசாலா. கோடையில் மிளகாயோடு இருபதுக்கும் மேற்பட்ட சரக்குகளை வறுத்து இடித்து, மழைக்கு முன் பாட்டிலில் திணித்து அடைத்துவிடுவார்கள். காற்றுப் புகாது, வண்டு வராது. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "கசகசா இருக்கிறது" என்றார். மன்னித்துவிட்டார் என்று பொருள்.

மத்தியானம் குல்குல் உருட்ட உட்கார்ந்தார்கள். மைதா, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை போட்டுப் பிசைந்த மாவு. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அந்தத் தலைமுறைப் பெண்கள் உடுத்தும் சிவப்பு லுகடே சேலையில் தரையில் சம்மணமிட்டிருந்தார். அவர் ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு சீப்புகள். தலையில் படாத சீப்புகள், இதற்கென்றே வாங்கி வைத்தவை. நெல்லிக்காயில் பாதி அளவு மாவைக் கிள்ளி, சீப்பின் பல்லில் வைத்துக் கட்டைவிரலால் தட்டையாக அழுத்தி, ஓரத்திலிருந்து சுருட்டினால் மேலே கோடு கோடாக வரி விழுந்த ஒரு சின்ன சங்கு. எண்ணெயில் போட்டால் பொன்னிறம்.

சம்பந்தியம்மா அம்மாவைப் பார்த்து "பசா, பசா" என்றார்; உட்காருங்கள் என்று. அம்மா உட்கார்ந்தார். சும்மா இருக்கச் சொன்னார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு ஒரு சீப்பை எடுத்தார். நம் பக்கம் சீப்புச் சீடை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்தக் கைவாகு உண்டு. முதல் சங்கு சம்பந்தியம்மாவுடையதைவிட மெல்லியதாக வந்தது. அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் பக்கத்து மாவில் பாதியைப் பிய்த்து அம்மாவின் பக்கம் தள்ளினார்.

"துக்க வீட்டுக்காரி சுடலாமா அம்மா?" என்று நான் தமிழில் கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"நம் வீட்டு அடுப்பில்தான் வைக்கக் கூடாது" என்றார் அம்மா, தலை நிமிராமல். "இது அவர்கள் அடுப்பு."

மூன்று மணி நேரம் உருட்டினார்கள். சம்பந்தியம்மாவுக்கு இந்தப் பக்கத்துச் சாமவேதி மொழியும் மராத்தியும். அம்மாவுக்கு நெல்லைத் தமிழும் தாராவி இந்தியும். இருவரும் ஓயாமல் பேசினார்கள். எந்த மொழியில் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அச்சு முறுக்குத் தூளையும் சம்பந்தியம்மா வீணாக விடவில்லை. பிள்ளைகளுக்குப் பாலில் போட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்த் தன்னுடைய இரும்பு அச்சை எடுத்து வந்து காட்டினார். எங்கள் வீட்டில் பரணில் கிடக்கும் அதே பூ அச்சு.

சாயங்காலம் மாப்பிள்ளையோடு தோட்டத்தைச் சுற்றினேன். இங்கே தோட்டத்துக்கு வாடி என்று பெயர். வாழை, வெற்றிலை, பூச்செடிகள். ஓரத்தில் பாசி படிந்த ஒரு குளம். மழைநீரைத் தேக்க முன்னோர் வெட்டியது, பாவ்கல் என்கிறார்கள். கடலோரக் கிராமங்களில் நிலத்தடி நீர் உப்பாகாமல் காப்பது இவைதான். பல பாவ்கல்களைத் தூர்த்து மனை போட்டுவிட்டார்கள் என்றார். வாழைக்குப் பின்னால் நாலாசோபாராவின் அடுக்குமாடிகள் தெரிந்தன. தண்ணீரையும் மரத்தையும் காக்க இங்கே ஹரித் வசாய் இயக்கத்தை முன்னின்று நடத்திய பாதிரியார் பிரான்சிஸ் திப்ரிட்டோ இந்த ஜூலையில் காலமானார். 2020-இல் உஸ்மானாபாத்தில் நடந்த அகில பாரத மராத்தி சாகித்திய சம்மேளனத்துக்குத் தலைமை வகித்தவர். பக்கத்து நந்தாகால்தான் சொந்த ஊர். அவரில்லாத முதல் நாத்தால் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டு, குளத்தில் மிதந்த ஒரு பிளாஸ்டிக் பையைக் குச்சியால் இழுத்து எடுத்தார்.


டிசம்பர் 24, செவ்வாய்: பொங்கி வழிந்தது

இன்றைய என் வேலை தேங்காய் இல்லை, பதவி உயர்வு. சாந்தண் மாவுக்குக் காவல். அரிசியை அரைத்து, தேங்காய் சேர்த்து, பெரிய அண்டாவில் புளிக்க வைத்திருந்தார்கள். பார்க்க நம் ஆப்பமாவு. "விளிம்புக்கு நான்கு விரல் வரும்போது கூப்பிடுங்கள் அண்ணே" என்றாள் தங்கை. இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன்.

முற்றத்தில் விறகடுப்பில் மூத்தவரின் இந்தியால். நேற்றே பூண்டும் மசாலாவும் வினிகரும் பிரட்டி ஊறப்போட்ட பன்றிக்கறி. சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை; தன் கொழுப்பிலேயே வேகிறது. அவர் அடுப்பைவிட்டு நகரவும் இல்லை, யாரையும் கரண்டியைத் தொடவிடவும் இல்லை. அரிசி மாவைக் காட்டிலும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் அவர்தான் என்று அவர் மனைவி சொன்னார். காலையிலிருந்து ருசி பார்த்தே அரைக் கிலோவைக் குறைத்துவிட்டாராம்.

இரவு ஒன்பதரைக்குக் கோவில் கிளம்பினோம். மாவு விளிம்புக்கு ஒரு சாண் கீழே இருந்தது. குளிர்தானே, மெதுவாகத்தான் பொங்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பூசை வெளியில், மைதானத்தில். ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே வானம். எங்கள் சபையில் அதிகாலை நாலரை மணி ஆராதனை; தூக்கக் கலக்கத்தில் தொடங்கி விடியலில் முடியும். இங்கே நேர்மாறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பாட்டி ஒருவர், அம்மா நடுங்குவதைப் பார்த்துத் தன் கம்பளியின் ஒரு பாதியை அம்மாவின் மேல் போட்டார். மறுபாதி அவர் மேல். பூசை முடியும்வரை இருவரும் ஒரே கம்பளியில். மராத்தியில் பாடினார்கள். மெட்டு தெரிந்த பாட்டு வந்தபோது அம்மா தமிழில் சேர்ந்துகொண்டார்; கொஞ்சம் சத்தமாகவே. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

கடைசியில் பாலன் இயேசுவின் சொரூபத்தை முத்தமிட வரிசை. அம்மா எழவில்லை. "நாம் சொரூபத்தை முத்தமிடுவது கிடையாது" என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். யாரும் வற்புறுத்தவில்லை. சம்பந்தியம்மா போய்விட்டு வந்து பழையபடி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வீடு திரும்ப மணி பன்னிரண்டரை. சமையலறைக் கதவைத் திறந்த தங்கை "அண்ணே!" என்றாள். அண்டா மூடியைத் தலையில் தூக்கிக்கொண்டு மாவு வெளியே நடந்திருந்தது. தரை முழுக்க வெள்ளை. அதன் நடுவே பூனையின் பாதச்சுவடுகள் பின்வாசல்வரை. அந்த நேரத்தில் ஒன்பது பேர் தரையைத் துடைத்தோம். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாப்பிள்ளை மட்டும் நோட்டை எடுத்து, என் பேருக்கு நேரே ஏதோ எழுதினார். காட்டவில்லை.


டிசம்பர் 25, புதன்: தட்டுகள்

அண்டாவில் மிஞ்சிய மாவே நாற்பது பேருக்குப் போதுமானதாக இருந்தது. வட்டத் தட்டுகளில் ஊற்றி ஆவியில் வேகவைத்தார்கள். இட்லியின் மென்மை, ஆப்பத்தின் புளிப்பு, லேசான இனிப்பு. அம்மா கோழிக்குழம்போடு மூன்று சாப்பிட்டார். நான் இந்தியாலோடு எத்தனை என்று எழுதப் போவதில்லை. வினிகரின் புளிப்பு முதலில் நாக்கில் பட்டு, அப்புறம் பூண்டு, கடைசியில்தான் காரம்.

நான்காவதை அம்மா எடுத்தபோது தங்கையின் மகன், எட்டு வயது, தன் தமிழறிவைக் காட்ட ஆசைப்பட்டான். "பெரியாச்சி, இதில் கள் போடுவார்கள்!"

அமைதி. தங்கை தலையில் கைவைத்துக்கொண்டாள். மாவு புளிப்பது கள்ளால்தான், ஊரறிந்த விஷயம். அம்மா கையிலிருந்த சாந்தணைப் பார்த்தார். கீழே வைக்கவில்லை. "ஆவியில் வெந்தால் அது எங்கே இருக்கப் போகிறது" என்றார். சாப்பிட்டு முடித்தார். தாத்தாவின் சத்தியத்தில் ஆவி பற்றிய விதி ஏதும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒன்பது மணிக்குத் தட்டுகள் தொடங்கின. திண்ணை நீளத்துக்கு எவர்சில்வர் தட்டுகள், ஒவ்வொன்றிலும் குல்குல், அச்சுப் பலகாரம், கேக் துண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம். மேலே கைப்பின்னல் துணி. தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பிய இந்து வீடுகளுக்கு, தையல்காரருக்கு, பால்காரருக்கு. பிள்ளைகள்தான் தபால்காரர்கள். நான் சைக்கிளில் இரண்டு நடை போனேன். ஒரு வீட்டில் தட்டைக் காலி செய்து, அதில் ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தார்கள். நம் வழக்கம்தான்; வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று நடந்தது. எந்தத் தட்டும் படியிறங்கும் முன்பு, வரிசையின் முதல் தட்டைச் சம்பந்தியம்மா தானே எடுத்தார். முதல் தட்டு எப்போதும் அந்த வருடம் சாவு விழுந்த வீட்டுக்குப் போகும் என்று மாப்பிள்ளை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் எதுவும் சுட்டிருக்க மாட்டார்கள், அதனால் அவர்கள் கேட்பதற்கு முன் போய்ச் சேர வேண்டும். தெருவில் எந்த வீடு என்று நான் எட்டிப் பார்த்தேன். அவர் படியிறங்கவில்லை. திண்ணையின் மறுகோடிக்கு நடந்து, அம்மாவின் மடியில் வைத்தார்.

அம்மா துணியை விலக்கவே இல்லை. தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை உள்ளே போய்விட்டாள். நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன்; காற்று இருந்தது.

மத்தியானச் சாப்பாடு பற்றி எழுத வயிற்றில் இடமில்லை.


டிசம்பர் 26, வியாழன்: கோட்டை, திரும்புதல்

போகும் வழியில் மாப்பிள்ளை வசாய் கோட்டையைக் காட்டினார். கூரையில்லாத தேவாலயங்கள், சுவரைப் பிளந்து நிற்கும் ஆலமரம், கல்யாணத்துக்கு முன் படமெடுக்கும் ஜோடிகள் நான்கு. 1534 டிசம்பர் 23 அன்று குஜராத் சுல்தான் பகதூர் ஷா இந்தப் பகுதியைப் போர்த்துகீசியருக்கு எழுதிக்கொடுத்தார். 1739-இல் சிமாஜி அப்பாவின் மராத்தியப் படை பிடித்தது. வாத்தியாருக்கு இதெல்லாம் மனப்பாடம். இங்கே பிறந்த கொன்சாலோ கார்சியா 1597-இல் ஜப்பானின் நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்டார். 1862-இல் புனிதர் பட்டம். இந்தியாவில் பிறந்த முதல் புனிதர். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவருடைய அம்மா அப்போது இருந்தாரா?" என்றார். வாத்தியாரிடம் பதில் இல்லை.

வெயில் ஏறிவிட்டது. வாசலில் ஒரு பாட்டியிடம் சுகேலி வாங்கினேன்; ராஜேளி வாழைப்பழத்தை உரித்து வெயிலில் காயவைத்தது. சின்னப் பொட்டலம் 160 ரூபாய். பேரம் பேசினேன். அவர் பொட்டலத்தைத் திரும்பக் கூடையில் வைத்தார். 160 கொடுத்தேன்.

வசாய் ரோடில் உட்கார இடம் கிடைத்தது. பாயந்தர் உப்பங்கழிப் பாலத்தின் மேல் ரயில் தடதடத்தபோது அம்மா பையைத் திறந்தார். உள்ளே அந்தத் தட்டு, பின்னல் துணியோடு. அதன் மேல் குல்குல் சுருட்டும் சீப்பு ஒன்று.

"தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லையா?"

"காலியாகவா கொடுப்பது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஈஸ்டர் ஏப்ரலில்தானே வருகிறது? ஜூனுக்குள் சித்திக்கு வருடம் திரும்பாது. அதுவரை நம் அடுப்பில் வைக்க முடியாது. முந்திரிக்கொத்துக்குப் பயறை இங்கே வறுத்து இடித்து எடுத்துக்கொண்டு, அங்கே போய்ச் சுட்டுக்கொள்ளலாம். வெல்லம் மட்டும் ஊரிலிருந்து வர வேண்டும். உன் பெண்டாட்டியிடம் சொல், நாசரேத்திலிருந்து இரண்டு கிலோ."

போரிவலி தாண்டியதுமே நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். தாதருக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.